முப்பத்தேழில் நின்ற ஊசி

நான் அக்கா வீட்டு ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் யாரோ மணலை அள்ளி அள்ளித் தூவுவது போல ஒரு சத்தம்.

"வாடா பெரிய மனுஷா," என்றாள் அக்கா. "ரெண்டு வருஷம் கழிச்சாவது இந்த வேலைக்கு வழி தெரிஞ்சுதே."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

நான் கார்களுக்கு வயரிங் செய்கிறவன். ஷெட்டில் நின்றது அத்தானுடைய கார். வயதில் எனக்கு மூத்தது. எஞ்சின் பின்பக்கம். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்றும் எண்ணெயும்தான் அந்த எஞ்சினைக் குளிர வைக்க வேண்டும். எண்ணெய் எவ்வளவு சூடாகிறது என்று காட்ட அதில் ஒரு மீட்டரும் இல்லை. மலை ஏறும்போது அத்தான் நடுநடுவே வண்டியை நிறுத்துவார். பின்னால் போய் எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்து எண்ணுவார். பத்து வரை தாங்கினால் கிளம்பலாம். நாலிலேயே கையை உதறினால் காத்திருக்க வேண்டும்.

"மாப்ள, இந்தக் கை எத்தனை நாளைக்குடா மீட்டர் வேலை பாக்கும்?" என்பார்.

கடைசியில் அவரே ஒரு மீட்டரை வாங்கி வந்து என் கடையில் கொடுத்தார். கூடவே எச்சரிக்கைப் பஸ்ஸர். அரை நாள் வேலை. "அடுத்த வாரம் அத்தான்" என்றேன். ஒரு வருடத்துக்குமேல் அதையேதான் சொன்னேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால், மலையின் மூன்றாவது வளைவில், எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிட்டது. அத்தான் தனியாளாக வண்டியை ஓரம் தள்ளியிருக்கிறார். பிறகு டிரைவர் ஸீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இறங்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

எஞ்சினை மெக்கானிக் பிரித்துச் சரி செய்துவிட்டார். அத்தானின் ஒரே மகள், நாங்கள் குட்டி என்று கூப்பிடுகிறவள், நாளைக் காலை அதே காரில் அதே மலையைத் தாண்டி ஒரு புது வேலையில் சேரப் போகிறாள். அப்பா வண்டியில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அக்காவும் பிடிவாதத்தில் குறைந்தவள் இல்லை. மீட்டர் மாட்டாமல் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது என்றுவிட்டாள்.

அத்தான் வாங்கித் தந்த பெட்டி என் கடை ரேக்கில் இன்னும் இருந்தது. அதை எடுக்கக் கை வரவில்லை. வேறொன்று புதிதாக வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை சென்ஸர். எஞ்சின் அடியில், எண்ணெய் வடிக்கிற துளையில், பழைய திருகை எடுத்துவிட்டு இதைப் பொருத்த வேண்டும். அங்கிருந்து ஒரு கம்பி முன்னால் டயலுக்கு வரும். டயலில் இருபதிலிருந்து நூற்றைம்பது வரை எண்கள். நூற்றிருபதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும்.

எந்த சென்ஸரையும் நான் வெந்நீரில் போட்டுப் பார்க்காமல் மாட்டுவதில்லை. அக்காவின் அடுப்பில், தெர்மாமீட்டரோடு அதைக் காய்ச்சினேன்.

"பால் பாத்திரம்தான் கெடச்சுதா உனக்கு?" என்றாள் அக்கா.

"கழுவிடலாம்க்கா."

"இனிமே அதுல உனக்கு மட்டும்தான் காபி."

சென்ஸர் சரியாக இருந்தது. நீரிலேயே ஆறட்டும் என்று விட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். டாஷ்போர்டில் டயலைப் பொருத்தினேன். பஸ்ஸரை மாட்டினேன். கம்பியைப் பின்னால் இழுத்து, நுனியில் டேப் சுற்றி, பம்பரின் உட்புறம் கட்டி வைத்தேன். பின் சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றி, அடியில் படுத்துப் பழைய எண்ணெயை வடித்தேன். சொட்டு நிற்பதற்காகப் பழைய திருகையே தற்காலிகமாக முடுக்கினேன். அடுத்து சமையலறைக்குப் போய் சென்ஸரை எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அப்போது டிரைவர் பக்கக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

ஸ்பிரிங்குகள் முனகின. என் முகத்துக்கு மேலே வண்டி அரை அங்குலம் இறங்கியது.

யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"குட்டி, எறங்குடி. நான் அடியில இருக்கேன்."

மேலே ஸ்பிரிங் இன்னொரு தடவை முனகியது.

"வெளையாடாத. எறங்கு."

"என்ன மாமா?" என்றாள் குட்டி. குரல் சமையலறையிலிருந்து வந்தது.

மழை நின்றிருந்தது. எஞ்சினிலிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு ஒலி. ஓடி நின்ற எஞ்சின் ஆறும்போது உலோகம் போடும் சத்தம். அந்த எஞ்சின் பத்து நாளாக ஓடவே இல்லை.

காய்ந்த எண்ணெய் வாசனை என் மூக்கில் ஏறியது.

எப்படி வெளியே ஊர்ந்து வந்தேன் என்று தெரியாது. ஸீட் காலியாக இருந்தது. நடுவில் மட்டும் ஒரு பள்ளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெல்ல மேலே எழும்பி நிரவியது.

அதற்குமேல் ஒரு நிமிடம்கூட அந்த ஷெட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. புது எண்ணெயை ஊற்றினேன். மூடியைச் சாத்தினேன். கட்டைகளிலிருந்து வண்டியை இறக்கினேன். நின்றபடியே சாவியைத் திருப்பினேன். ஊசி அசைந்து ஏறி முப்பத்தேழில் நின்றது. எஞ்சினை ஓட விட்டதும் ஐம்பது, அறுபது, எண்பது என்று ஒழுங்காக ஏறியது.

ஊசி ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்ட வயரிங்காரன் எவன் மறுபடி கீழே குனிந்து பார்ப்பான்?

"முடிஞ்சுதா மாமா?" என்று குட்டி கேட்டாள்.

"முடிஞ்சுது. பஸ்ஸர் கத்தினா யோசிக்காத. உடனே நிறுத்து."

"உங்க மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு?"

"பசி," என்றேன். சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு அக்காவிடமிருந்து போன்.

"அவ ஆறு மணிக்கே கெளம்பிட்டா. டேய், உன் பித்தளை சாமான் ஒண்ணு என் பால் பாத்திரத்துலயே கெடக்குது. வேணுமா, தூக்கிப் போடவா?"

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எந்த சாமான்?"

"கட்டைவிரல் மாதிரி இருக்கே, அது."

குட்டிக்குப் போன் செய்தேன். மணி அடிக்கவில்லை. மலையில் சிக்னல் கிடையாது. அவள் மீட்டரை நம்பி ஏறிக்கொண்டிருக்கிறாள். மீட்டருக்கோ எஞ்சினோடு எந்தத் தொடர்பும் இல்லை. அவள் அப்பாவிடம் அடுத்த வாரம் என்றேன். அவளிடம் முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா வீட்டுக்குப் போய், அவளிடம் எதுவும் சொல்லாமல் சென்ஸரைப் பிடுங்கிக்கொண்டு மலைக்கு பைக்கை விரட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் புகை தெரிகிறதா என்று பார்த்தேன். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவதுக்குக் கொஞ்சம் முன்னால், பாறை ஓரமாக, கார் நின்றது. எஞ்சின் மூடி திறந்திருந்தது. குட்டி ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க மீட்டர் காப்பாத்திடுச்சு மாமா," என்றாள். "பஸ்ஸர் காது கிழியிற மாதிரி கத்துச்சு. ஊசி நூத்தி முப்பது. எறங்கிப் பாத்தா ஃபேன் பெல்ட் அறுந்து கெடக்குது. இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட்டியிருந்தா அப்பாவுக்கு ஆன மாதிரியே ஆயிருக்கும்."

"நீ நிறுத்தினதும் பஸ்ஸர் நின்னுடுச்சா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இல்ல மாமா. சாவிய உருவிட்டேன். அப்பவும் கத்திச்சு. நான் ஸீட்ட விட்டு எறங்கின பிறகுதான் நின்னுச்சு."

சாவி அவள் மடியில் கிடந்தது.

நான் காருக்குள் எட்டிப் பார்த்தேன். சாவி இல்லாத வண்டியில் ஊசி முப்பத்தேழில் நின்றது.

மண்டியிட்டு அடியில் பார்த்தேன். கம்பியின் நுனி நான் கட்டிய இடத்திலேயே இருந்தது. டேப்பும் பிரியவில்லை. அந்த நுனி இரும்பில் பட்டால் ஊசி ஒரேயடியாகக் கடைசி எண்ணுக்கு ஓடும். படாவிட்டால் அசையவே அசையாது. நடுவில் நிற்க வழியே இல்லை.

முப்பத்தேழு எஞ்சினின் சூடும் இல்லை.

அது மனித உடம்பின் சூடு.

குட்டியிடம் நான் சொல்லவில்லை. "கொஞ்சம் இறுக்கணும்," என்று மட்டும் சொன்னேன். எஞ்சினின் மேல் தகட்டில் உள்ளங்கையை வைத்தேன். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். ஆறுக்குமேல் தாங்கவில்லை. காத்திருந்தோம். காற்று கூட அடிக்கவில்லை. பத்தரை மணிக்கு மறுபடி வைத்தேன். பத்து வரை தாங்கியது.

காரின் டூல்பையில் இருந்த மாற்று பெல்ட்டை மாட்டினேன். எண்ணெயைத் தகர டப்பாவில் பிடித்து, சென்ஸரைப் பொருத்தி, கம்பியை முடுக்கி, எண்ணெயைத் திரும்ப ஊற்றினேன். முடுக்கியதை மூன்று முறை தொட்டுப் பார்த்தேன்.

"மன்னிச்சிடுங்க அத்தான்," என்றேன், உதடு மட்டும் அசைய.

சாவியைத் திருப்பியபோது ஊசி ஐம்பத்தொன்றில் நின்றது. எஞ்சினின் சொந்தச் சூடு. குட்டி ஏறி உட்கார்ந்தாள். பஸ்ஸர் பேசாமல் இருந்தது.

"இப்பதான் ஸீட் ஜில்லுனு இருக்கு," என்று அவளாகவே சொன்னாள். "காலையில யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி சூடா இருந்துச்சு."

கார் மூன்றாவது வளைவைத் தாண்டி மறைந்தது. மதியம் போய்ச் சேர்ந்துவிட்டதாக அக்காவுக்குப் போன் வந்தது.

நான் பைக்கைத் திருப்பினேன். இறக்கத்தில் முதல் பள்ளத்திலேயே பின் ஷாக் அப்ஸார்பர் அடி வரை அழுந்தியது. தனியாள் போகும்போது அது அப்படி அழுந்தாது. முதுகில் இளஞ்சூடாக ஏதோ பட்டுக்கொண்டே வந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வரை கண்ணாடியையும் பார்க்கவில்லை.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. குட்டியின் மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. காலையில் குளிராகவும் ஓடும்போது சூடாகவும் காட்டுகிறதாம். என் கடை ரேக்கில் அத்தான் வாங்கித் தந்த பெட்டி இருக்கிறது. கம்பி மாட்டாத மீட்டர், பேட்டரி இல்லாத பஸ்ஸர். மலையிலிருந்து வந்த அன்றே திறந்து பார்த்தேன். ஊசி முப்பத்தேழில் இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

அதன் பிறகு கடையில் எந்த வேலையும் தேங்குவதில்லை. வந்த வண்டி அன்றைக்கே முடிந்து வெளியே போகிறது. திடீரென்று திருந்திவிட்டேன் என்று வாடிக்கைக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

நேற்று மத்தியானம் ஒரு வேன் டிரைவர் வந்தார். ஹெட்லைட் எரியவில்லை என்றார். எனக்கு அலுப்பு. பழக்க தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அடுத்த வாரம் வாங்களேன்."

ரேக்கில், மூடிய பெட்டிக்குள்ளிருந்து, பஸ்ஸர் கத்தத் தொடங்கியது.