குரல்கள் அடங்கிய மத்தியானம்

பதினொரு வருடமாக ஞானமலரின் தலைக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த இரண்டு குரல்களும் அன்று மத்தியானம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசை அவற்றைத் தணித்திருந்ததே தவிர, நிறுத்தியதில்லை. ஒன்று அவளைப் புகழும், மற்றது ஏசும். இப்போது இரண்டும், கதவடியில் ஆள் நிழல் கண்டு ஒளிந்துகொண்ட பிள்ளைகளைப்போல மூச்சடக்கி இருந்தன.

பெட்டி அடுக்கிவிட்டு வருகிறேன் என்று ஐஸ் அறைப் பக்கம் போன, கூட வேலை செய்யும் தனுஷா, அப்போதுதான் திரும்பிவந்து எதிர் மேசையில் உட்கார்ந்தாள்.

வாவிக்கரையிலிருந்த அந்த நண்டுக் கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்து மலருக்கு இது மூன்றாவது கிழமை. சில விடியலில் உலகத்தையே புரட்டிப்போடும் வேகத்தோடு எழும்புவாள். சில விடியலில் சீப்பைத் தூக்கவும் கை வராது. அப்படியே இரண்டு வேலைகள் போயிருந்தன. இதை விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள். முதலாளி ஹமீட் நண்டு ஏற்ற வாகரைக்குப் போயிருந்தார். கொட்டிலில் அவர்கள் இரண்டு பேர்தான்.

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று கரண்ட் போக, ஐஸ் அறை மெஷினின் உறுமல் இழுத்து இழுத்து அடங்கியது. நண்டின் உப்பு வாடையும் ஈரச் சாக்கின் புளித்த மணமும் வாவிச் சேற்றின் வீச்சமும் ஒன்றாகக் கலந்து அந்த அரையிருட்டில் கனத்து நின்றன. அப்போதுதான் கேட்டது.

டொக். டொக்.

ஐஸ் அறைக்குள்ளிருந்து.

"தனு, உள்ளுக்க ஆரோ தட்டுறாங்க."

தனுஷா தலை நிமிரவில்லை. "எனக்கு ஒண்டும் கேக்கல்ல. இண்டைக்குக் குளிசை போட்டீங்களா?"

மலர் சிரித்தாலும் அழுதாலும் அண்ணன் பிறின்ஸ் கேட்கும் கேள்வி அது. கோயில் வாசலிலும் கேட்பார்கள். தனுஷா ஒருநாளும் கேட்டதில்லை. முதல் நாளே தன் சோற்றில் பாதியைத் தள்ளிவைத்து, "ஏலாத நாளையில சொல்லுங்கக்கா, உங்கட பெட்டியையும் நான் பாக்கிறன்" என்றவள் அவள்.

"போட்டன். என்ட சத்தங்கள எனக்குத் தெரியும். இது அதுகள் இல்ல."

"கதவத் தொடாதீங்க. முதலாளிக்குச் சொல்லுவன். திரும்பவும் வார்ட்டில கொண்டு விடுவாங்க."

சொன்ன குரலில் கோபமில்லை. எதுவுமில்லை.

உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால்? வேலை போகும். ஊர் தலையாட்டும். பிறின்ஸ் ஆட்டோவைக் கூப்பிடுவான். மலர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டல் தளர்ந்துகொண்டே வந்தது. பிறகு, மழைக்கு அடியில், மெல்லிய நூலாக ஒரு குரல்.

"அக்கா..."

மலர் நடந்தாள். குளிசையால் எந்நாளும் நடுங்கும் விரல்களால் கதவின் இரும்புப் பிடியைப் பற்றி இழுத்தாள்.

வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது.

நண்டுப் பெட்டிகளுக்கு நடுவே தனுஷா. அதே நீலச் சட்டை. இமைகளில் உறைபனி. தட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது.

கண்கள் மெல்ல இமைத்தன.

பின்னால் கதிரை நகர்ந்தது.

"ஒண்டுமில்லத்தானே அக்கா?"

காதருகில். மிக அருகில். மலரின் மூச்சு குளிரில் புகையாகப் போனது. தோளுக்கு மேலே பேசிய வாயிலிருந்து புகை வரவில்லை.

"இருக்கு," என்றாள் மலர். திரும்பவில்லை. "நான் பாத்துட்டன்."

கையை உள்ளே நீட்டினாள். உறைந்த விரல்கள் அவள் விரல்களைப் பற்றின. அதே நேரம், அதே போன்ற இன்னொரு கை அவளைத் தாண்டிவந்து கதவின் விளிம்பில் படிந்தது.

கதவு அசைந்தது.

மலர் காலை இடுக்கில் ஊன்றினாள். இரும்பு எலும்பில் ஏறியது.

அவள் காலை எடுக்கவில்லை.

கதவும் நிற்கவில்லை.