நிலைக்கு எடுத்த அளவு

பெரியவர் அழகுசுந்தரம் செட்டியாருடைய இடது காலைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசக் கூடாது என்று எவரும் சொன்னதும் இல்லை. பர்மாவின் மோல்மீனிலிருந்து கப்பலேறி வந்து, இருவர் தாங்கிப் பிடிக்க வாசலுக்குள் நுழைந்த அன்று அவரே, “பயணக் களைப்பு” என்றார். அன்று முதல் அது களைப்பாகவே இருந்துவிட்டது. நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். குன்றக்குடித் தேரைப் பற்றிப் பேசினார்கள். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். சமையல்கட்டைப் பார்த்துக்கொண்ட பெத்தன்கூட, “பெரியவுக எந்திரிச்சுட்டாகளா?” என்று கேட்பானே தவிர, “நடந்தாகளா?” என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மௌனத்தின் பாரத்தை முழுவதுமாகச் சுமந்தவள் அவர் மனைவி சோலை ஆச்சி. உண்மை அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முறிந்த எலும்பு கூடிவிட்டது. முழங்கால் மட்டும் நீட்டியபடியே இறுகிப்போயிற்று. அது இனி மடங்காது. கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் பாதம் வீங்கிக் கருநீலமாகிவிடும். ஆகவே தலையணைகளை அடுக்கி அதை உயர்த்தி வைப்பதும், ஆள் வரும் அரவம் கேட்டதும் சால்வையால் மூடுவதும் அவளுடைய அன்றாட வேலையாயின.

ஊர் வந்து சேர்ந்த மறுநாளே அவர் அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். “தம்பிக்கு மட்டும் தெரியக் கூடாது, சோலை. கிட்டங்கியில மூட்டை சரிஞ்சப்ப அவன்தான் கீழ நின்னான். நான் தள்ளிவிட்டேன். இது இப்படியே நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா அவனுக்கு அங்குட்டுச் சோறு இறங்காது. கடையை விட்டுட்டு இங்குட்டு வந்து என் காலடியில உக்காந்துருவான்.”

சாமி அறை விளக்கின் முன் நின்று அவள் தலையசைத்தாள். அதன்பின் தங்களுக்குள் பேசும்போதுகூட அவர்கள் அதை ‘அது’ என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்.

இப்போது அந்தத் தம்பி பூமிநாதன் தன் மகளின் கல்யாணத்திற்காக பர்மாவிலிருந்து வந்திருந்தார். அண்ணனின் கால் மெல்லத் தேறிவருவதாக நம்பியவர், அவர் அறைக்குள்ளேயே கிடப்பதைப் பொறுக்க முடியாமல் தவித்தார். மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முடிக்க வரும் நாளில் அண்ணன், வீட்டின் நடு முற்றமான வளவில் அமர்ந்து அவர்களை வரவேற்க வேண்டும் என்று தீர்மானித்தார். மதுரையில் இத்தகைய சாமான்களை வரவழைத்துக் கொடுக்கும் ஹனிபாவுக்கு ஒரு சக்கர நாற்காலி வேண்டுமென்று எழுதினார். அளவு கேட்டுப் பதில் வந்தது. பூமிநாதன் ஆசாரியை அழைத்து வீட்டு நிலைகளை அளக்கச் சொன்னார். அறை வாசலின் அகலம், நிலைப்படியின் உயரம், தூணுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தாழ்வாரம் எல்லாம் அங்குலம் பிசகாமல் மதுரைக்குப் போயின. அமரப்போகிறவரை அளக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அளவு நூலை எடுத்துக்கொண்டு அவர் அருகே போகும் துணிவு அந்த வீட்டில் எவருக்கும் இல்லை.

அன்று காலை, சம்பந்திகள் வரவிருந்த நாளில், ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. கூடவே ஹனிபாவும் வந்தார்.

“கதவு அளவெல்லாம் சுத்தமா வந்துச்சு. ஐயா அளவுதான் வரலை, அதான் ரெண்டு தினுசு கொண்டாந்தேன்” என்றார் அவர், வைக்கோலை உதறிக்கொண்டே. “சரி, பெரிய வீட்டுல கதவுதான் முதல்ல உக்காரும்போலன்னு நெனைச்சுக்கிட்டேன்.”

பெத்தன் சிரிக்கப் போனான். பூமிநாதனின் முகத்தைப் பார்த்து இருமலாக்கிக்கொண்டான்.

முதல் நாற்காலி பிரம்பு முதுகு கொண்டது, ஒடுக்கமானது, அழகானது. பாதம் வைக்கக் கீழே ஒரு பலகை நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. இரண்டாவது நீளமாக, பார்க்கவே முரடாக இருந்தது. அதன் முன்புறம் மெத்தை வைத்த இரு தாங்கிகள் தனித்தனியே தொங்கின. ஹனிபா பக்கத்திலிருந்த பிடியைத் திருகினார். ஒரு தாங்கி மட்டும், பல் பல்லாக ஏறி, இருக்கைக்குச் சமமாக நீண்டு நின்றது.

“ஒண்ணைத் தூக்கலாம், ஒண்ணை இறக்கலாம். ஐயாவுக்கு எந்தக்...”

“சக்கரம் நல்லா உருளுமா?” என்று பூமிநாதன் அவசரமாகக் குறுக்கிட்டார்.

தூண் மறைவில் நின்ற சோலை ஆச்சி அந்த இரும்புத் தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணை அடுக்கி அடுக்கி ஓய்ந்துபோன அவள் கைகள் தாமாகவே குவிந்தன. இப்படி ஒன்றை, அவள் படும் பாட்டைப் பார்த்தவன்போல், எங்கோ ஒரு மனிதன் செய்து வைத்திருக்கிறானே!

“தம்பி... அந்த நீட்டு நாற்காலியே இருக்கட்டும்” என்றாள்.

பூமிநாதன் திரும்பினார். “அது அறைக்குள்ள நுழையாது, அண்ணமிண்டி.” அண்ணன் மனைவியை அவர்கள் அழைக்கும் முறை அது. “தாங்கியைத் தூக்கினா தாழ்வாரத்துல திரும்பவும் செய்யாது. நிலைப்படியை அறுத்தாத்தான் முடியும்.”

“அறுத்துருவோம்.”

 அண்ணன் தம்பி இருவரின் தகப்பனார் பர்மாத் தேக்கில் கடைந்து வைத்த நிலை அது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தவளே சோலை ஆச்சிதான். கல்யாணம் நெருங்கும் வீட்டில், அந்த வாயிலிருந்தா அப்படி ஒரு சொல் வரவேண்டும்!

“எதுக்குன்னு சொல்லுங்க, அண்ணமிண்டி. காரணம் இருந்தா நான் கேக்குறேன்.”

 “எனக்கு அதுதான் சரின்னு படுது” என்றாள். அதைவிடப் பலவீனமான ஒரு பதிலை அவளாலேயே கற்பனை செய்திருக்க முடியாது.

வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் அவளுக்காகக் காத்திருந்தாள் பூமிநாதனின் மனைவி நீலாயதாட்சி. கணவனின் தமையன் முன் நேருக்கு நேர் வராத வழக்கம் அவர்களுடையது. ஆகையால் அந்த அறைக்குள் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியாத இடத்தை அவளுடைய மனம் தனக்குத் தோன்றியதைக்கொண்டு நிரப்பிக்கொண்டது.

“எம் மக கல்யாணத்துக்கு நிலையை அறுக்கச் சொல்றீகளே, ஆச்சி... பகையாளிகூடச் சொல்ல மாட்டா.”

“அப்படி நெனைச்சுச் சொல்லலை, நீலா.”

“வேற எப்படி நெனைச்சீக? பெரியவுக வெளிய வந்து நடுவுல உக்காந்துட்டா உங்க கைப்பிடி தளர்ந்துபோகும்ல? அதான் நடக்காத வழியாப் பாத்துச் சொல்றீக. இத்தனை நாளா யாரையும் அண்டவிட்டீகளா? அவுக தம்பி ஆசையா வாங்கிட்டு வந்ததை...” நீலாயதாட்சியின் குரல் உடைந்தது. உடைந்த குரலில்தான் அந்தக் கொடிய வார்த்தையும் வந்தது. “வயித்துல சுமந்திருந்தா ஒரு பிள்ளையோட கல்யாணத்துக்கு இப்படி வாய் வராது.”

 கல்யாணப் பெண்ணுக்கு முதல் பால்சோறு ஊட்டியவள் சோலை ஆச்சி. அம்மை கண்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் படுத்திருந்தவள் அவள். ஒரே ஒரு வாக்கியம் போதும், எதிரே நிற்பவள் நாணித் தலை குனிவாள். அந்த வாக்கியம் அவளுக்குச் சொந்தமானதல்ல. கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கணவரின் அறைக்குப் போனாள்.

அழகுசுந்தரம் செட்டியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

“நீங்களே சொல்லிருங்க” என்றாள் தணிந்த குரலில். “இல்லைன்னா என்னையாவது சொல்ல விடுங்க.”

“சம்பந்திக வந்துட்டுப் போற மட்டும் அந்தச் சின்ன நாற்காலியிலயே சமாளிச்சுக்கிறேன்.”

“மடங்காததை எப்படிச் சமாளிப்பீக?”

அவர் மோட்டுவளையைப் பார்த்தார்.

“எம் மேல விழுந்த பேச்சை நான் தாங்கிக்குவேன். அது எனக்குப் பழக்கம்தான். ஆனா அதுல உங்களை உக்காத்தி வச்சுட்டுத் தூணுக்குப் பின்னால நின்னு பாக்கச் சொல்லாதீக... அதை மட்டும் என்னால முடியாது.”

“வாக்குக் குடுத்திருக்கே, சோலை.”

“குடுத்திருக்கேன்” என்றாள் அவள். வெளுத்த வேட்டியை எடுத்து அவருக்கு உடுத்திவிட்டாள். கீழே ஒரு மடிப்புக்கூடக் கலையாதபடி நீவிவிட்டாள். அந்தக் கைகளின் மேல் விழுந்த கண்ணீரை இருவருமே பார்த்தும் பாராதவர்களாக இருந்தார்கள்.

பிற்பகலில் பூமிநாதனும் பெத்தனும் அவரைத் தூக்கிவந்து வளவின் நடுவிலிருந்த பிரம்பு நாற்காலியில் அமர்த்தினார்கள். பூமிநாதனின் முகத்தில் ஒரு பிள்ளையின் மகிழ்ச்சி இருந்தது. அவரே தரையில் குந்தி அண்ணனின் வலது பாதத்தை எடுத்துப் பலகையில் வைத்தார். இடது பாதம் வரவில்லை. வேட்டி எங்கோ சிக்கியிருப்பதாக நினைத்து முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்தினார். அது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

 அழகுசுந்தரம் செட்டியார் பற்றியிருந்த நாற்காலியின் பிரம்புக் கை முறுகியது. நெற்றியில் வியர்வை பொடித்தது. கண்கள் எதிர்த்தூணில் நிலைகுத்தி நின்றன.

தூண் மறைவிலிருந்து சோலை ஆச்சி வெளியே வந்தாள். ஹனிபா நிற்கிறார் என்பதையோ, முந்தானை நழுவியதையோ அவள் கவனிக்கவில்லை. நேரே வந்து மண்டியிட்டு, கொழுந்தனாரின் கைக்கும் கணவரின் முழங்காலுக்கும் இடையே தன் கையை நுழைத்தாள்.  அந்த அழுத்தம் முழுவதையும் தன் புறங்கையில் வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

பூமிநாதன் அவளைப் பார்த்தார். பிறகு துணிக்கு மேலாக மெல்லத் தடவிப் பார்த்தார். தொடைமுதல் கணுக்கால்வரை ஒரே கட்டையாக ஓடியது. அவருடைய உதடுகள் வெளுத்தன.

“அண்ணமிண்டி... இது எப்ப இருந்து?”

அவள் கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவளைக் கேக்காதடா” என்றார் அழகுசுந்தரம் செட்டியார். “அவ வாயைக் கட்டினவன் நான்.”

“எதுக்குண்ணே?”

“நீ அழுவேன்னுதான். இப்ப என்ன செய்றே, பாரு.”

பூமிநாதன் அழுதுகொண்டுதான் இருந்தார். “அன்னிக்கு அந்த மூட்டை எம் மேல விழுந்திருக்கணும்...”

“எம் மேல விழுந்ததுல எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னிக்கு இவ மேல விழுந்துச்சே, அதுதான் தாங்கலை.” அவர் கை மனைவியின் சிவந்த புறங்கையைத் தேடிப் பற்றியது. “இந்த வீட்டுல நான் ஒருத்தன் கௌரவமா உக்காந்திருக்க, இவ ஒருத்தி அத்தனை பேர்கிட்டயும் கெட்டவளானா. சோலை, போதும். உன்னை வாக்குலேர்ந்து விட்டுட்டேன்.”

கதவுக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. நீலாயதாட்சி அதுவரை தாண்டாத நிலைப்படியைத் தாண்டி, பெரியவர் இருக்கும் வளவுக்கு வந்தாள். சோலை ஆச்சியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“ஆச்சி... காலையில நான் பேசினதை... எந்த வாயால...”

சோலை ஆச்சி அவளை இறுக அணைத்துக்கொண்டாள். நெடுநேரம் அணைத்திருக்க முடியாதபடி அவளுக்கு வேலை இருந்தது.

“அழுகையை அப்பறம் வச்சுக்கலாம். அந்த நீட்டு நாற்காலியில வைக்கோல் ஒட்டியிருக்கு பாரு. மொதல்ல அதைத் துடை.”

அழகுசுந்தரம் செட்டியாரை மாற்றி அமர்த்தினார்கள். பூமிநாதன் கண்களைத் துடைத்துக்கொண்டு, “பெத்தா, ஆசாரியைக் கூட்டியா. மரம் அறுக்குற வாளை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு” என்றார். வழக்கமாகக் கல்யாண வீட்டில் எவரும் சொல்லாத அந்தக் கட்டளையைக் கேட்டு எவரும் முகம் சுளிக்கவில்லை. ஹனிபா மட்டும், “அடுத்த தடவை ஆளையே அளந்து அனுப்புங்க, கதவை நான் நம்பிக்கிறேன்” என்றார். இம்முறை பெத்தன் சிரித்தேவிட்டான்.

அப்போது வாசலில் மோட்டார் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் முகப்பைக் கடந்து உள்ளே வந்தார்கள். வந்தவர்களின் கண்கள், நாற்காலியில் நீண்டு நின்ற அந்தத் தாங்கியின் மேல் ஒரு கணம் பட்டு, உடனே நாகரிகமாக விலகிக்கொண்டன. சம்பந்தி தொண்டையைக் கனைத்தார்.

“இந்த வருஷம் உங்க பக்கம் மழை எப்படி?”

பழைய மௌனம் வளவெங்கும் மீண்டும் வந்து படியப் பார்த்தது. பிடியைக் கையில் பற்றித் தரையில் குந்தியிருந்த பூமிநாதன், சம்பந்தியை ஏறிட்டுப் பார்க்காமலே, “அண்ணமிண்டி, இந்த உயரம் போதுமா?” என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பினார்கள். சோலை ஆச்சி தூணைத் தேடிப் பின்வாங்கவில்லை. கணவருடைய நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்று, வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படியான தெளிந்த குரலில் சொன்னாள்:

“போதாது, தம்பி. இடது காலை இன்னும் கொஞ்சம் தூக்குங்க. உங்க அண்ணனுக்கு முட்டி மடங்காது.”