ஒக்கலிபுரத்துப் பாதிப் பேச்சு

“நாளைக்குக் காலையில என்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க சார்” என்றபடியே சில்வெஸ்டர் உள்ளே வந்தார்.

யுத்தம் தொடங்கிய மாதம் அது. பொழுதுபோக்காக ரேடியோ செட் கட்டி, கடல் கடந்தவர்களோடு மோர்ஸ் என்ற தந்திக் குறியில் பேசிவந்தவர்கள் எல்லோரும் கருவிகளை ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்த ஒக்கலிபுரத்து சில்வெஸ்டரும் கொடுத்துவிட்டார்.

“அப்புறம் என்ன?” என்றார் அனந்தபத்மநாபன், ஓய்வுபெற்ற தந்தி அதிகாரி.

“பக்கத்து வீட்டு சுப்ரமணியன் ரேடியோவுல தினம் சாயங்காலம் மோர்ஸ் வருதாம். என் செட்டுக்குன்னு கொடுத்த அழைப்புக் குறியேதானாம். இன்னொரு செட்டை ஒளிச்சு வெச்சிருக்கேன்னு போலீஸ்ல சொல்லிட்டார்.”

“அந்த நேரத்துல நீங்க எங்கே?”

“ரயில் பாதையோரமா தனியா நடப்பேன். செட்டு போனதுலேர்ந்து வீட்ல உட்கார முடியல, ஒரே பேஜாரு.”

“சாட்சியில்லாம நடக்க நல்ல காலம் பார்த்தீரே!” என்றாள் அனந்தபத்மநாபனின் தங்கை பாமா. அதற்குள் குடை அவள் கைக்கு வந்திருந்தது. “கிளம்பு அண்ணா. அந்த சுப்ரமணியன்தான் கள்ளன், பார்த்துக்கோ.”

அவர்கள் வீட்டுக்கே வந்து கேட்டதும் சுப்ரமணியனுக்குக் கோபம் வந்தது. “நானும் தந்தி ஆபீஸ்ல காது தேய்ஞ்சவன் ஸ்வாமி. தப்பாக் கேட்க மாட்டேன்.”

“ரேடியோ முள்ளை எங்கே வெச்சாக் கேட்குது?” என்றார் அனந்தபத்மநாபன்.

“எங்கே திருப்பினாலும்! ஒரு பாட்டுக் கேட்க முடியல.”

“என்ன அனுப்பறார்?”

“அழைப்புக் குறி. உடனே, ‘உங்கள் சத்தம் நன்றாகக் கேட்கிறது, என் பேர் சில்வெஸ்டர், இங்கே நல்ல வெயில்.’ நேத்து கொட்டற மழை, வெயிலாம்! பொய்யன்.”

“நடுவில நிறுத்தறதில்லையா?”

“மூச்சே விடறதில்லை.”

சில்வெஸ்டரின் வீட்டில், ஒளித்த செட்டைத் தேட வந்த இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். மனைவி நோரா அடுக்களை வாசலில் நின்றாள். வெறும் மேஜையை அனந்தபத்மநாபன் பார்த்தார்.

“இங்கே உட்கார்ந்துதான் பேசுவீங்களா?”

“ஆமா சார். ஹெட்போன் மாட்டிப்பேன். தட்டறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே தட்டுவேன், கெட்ட பழக்கம்.”

அனந்தபத்மநாபன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். “இன்ஸ்பெக்டர், செட்டுல அனுப்பினா ரேடியோவுல ஓர் இடத்துலதான் விழும். முள் போற இடமெல்லாம் கேட்டா, அது பக்கத்துல ஓடற பஸ்ஸர். மோர்ஸ் பழகறவங்க பேட்டரியில மாட்டித் தட்டற சாமான். அதோட பொறி ரேடியோவுல இரைச்சலாக் கேட்கும், ஆனா அடுத்த வீட்டைத் தாண்டாது” என்றார்.

“தட்டறது இவர்தானே?”

“ரேடியோக்காரன் கூப்பிட்டதும் நிறுத்திக் காது கொடுப்பான். பதில் வந்தாத்தானே ‘உங்கள் சத்தம் கேட்கிறது’ன்னு சொல்ல முடியும்? இங்கே அந்த இடைவெளியே இல்லை. தட்டினவங்க பதிலைக் கேட்டதே கிடையாது. பதிலெல்லாம் ஹெட்போனுக்குள்ள நின்னுபோச்சு. இவர் கையும் வாயும் போட்ட சத்தம் மட்டும் அடுத்த அறைக்குப் போச்சு. என்னைக்கோ கேட்ட வெயில், மழையிலயும் அப்படியே வருது.”

பாமாவின் கண்கள் அடுக்களை வாசலுக்குப் போயின. “அய்யோ” என்றாள்.

நோரா உள்ளே போய், துணியில் சுற்றிய பஸ்ஸரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“இவர் பழசுன்னு தூக்கிப் போட்டது. உலகம் பூரா பேசுவாரு, எங்கிட்ட சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாயைத் திறப்பாரு. நானும் கத்துக்கிட்டு ஒருநாள் பேசிக் காட்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள செட்டைக் கொண்டுபோயிட்டாங்க. கை மறந்துடக் கூடாதேன்னு, இவர் நடக்கப் போனதும்...”

“கேஸ் இதோட சரி” என்றார் இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில். “ஆனா இதையும் நான் எடுத்துக்கணும்மா.”

“ஒரு நிமிஷம் சார்” என்றார் சில்வெஸ்டர். “நோரா, உன் பேரைத் தட்டு. நான் கேட்கிறேன்.”

அவள் விரலை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

“தெரியாதுங்க. எழுத்துக் கூட்டித் தட்ட எனக்கு வராது. நீங்க அனுப்பினதைத்தான் அப்படியே பிடிச்சுக்கிட்டேன். என் பேரை நீங்க யாருக்கும் அனுப்பினதில்லையே.”