முதலில் எழுபவர்

தொட்டியில் ஏழு மீன்கள் கிடந்தன.

ரெனாத்தா மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். வாசலில் இறக்கி வைத்திருந்த தகரத் தொட்டியில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியபடி ஏழு கெண்டைகள். கிறிஸ்துமஸுக்கு ஊர்க்குளத்து மீனைத் தலைக்கு ஒன்று என்று வீடு வீடாகக் கொடுப்பது ஓல்ஷின்கி கிராமத்தின் வழக்கம். இந்த வீட்டில் இருப்பதோ இரண்டே தலை. அவளும், ஆறு வயது மகள் ரோஸாலியும்.

மீனைப் பங்கு போட்டவர் ஊர்த்தலைவர் ஒல்த்ரிஷ். அவருக்கே போன் போட்டாள்.

“தலைவரே, எங்க வீட்டுல ஏழு மீன் வச்சிட்டுப் போயிருக்கீங்க.”

“ஆமா, பத்தொன்பதாம் நம்பர் வீடு, ஏழு பேரு. பதிவேட்டைப் பாத்துத்தானே குடுத்தேன்?”

“ஏழு பேரா? காலையிலேயே ஊத்திக்கிட்டீங்களா?”

“உன் கையெழுத்துதாம்மா அது. எழுதுறது நீ, குடிகாரப் பட்டம் எனக்கா?” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. ஊர் அலுவலகத்தில் இருக்கும் ஒரே எழுத்தர் ரெனாத்தாதான். வீட்டுப் பதிவேடும் அவள் கையில், வருஷா வருஷம் எழுதும் ஊர் வரலாற்றுப் புத்தகமும் அவள் கையில். ஆனால் ஏழு என்று அவள் எழுதவே இல்லை.

பத்தொன்பது என்ற வீட்டு எண்ணை எடுத்துக்கொண்டதும் அவளேதான். ஓல்ஷின்கியில் வீடுகளுக்குக் கட்டிய வரிசையில்தான் எண். நான்காம் எண்ணுக்குப் பக்கத்தில் முப்பத்தொன்று நிற்கும். வீடு அழிந்தால் அதன் எண்ணும் அதோடு போய்விடும். புருஷன் அவளை விட்டு நகரத்துக்குப் போய்விட்ட பிறகு, குளத்தங்கரையில் ஒரு பழைய அஸ்திவாரத்தை வாங்கி, தனக்கும் குழந்தைக்குமென்று அவள் வீடு கட்டினாள். புது எண்ணுக்கு மாவட்ட அலுவலகத்துக்கு நாலு நடை நடக்க வேண்டும். பழைய பட்டியலில் அந்த அஸ்திவாரத்தின் எண் பத்தொன்பது. அதை அடித்து, பக்கத்தில் ‘இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. எந்தக் காலத்து எழுத்தரின் கெடுபிடியோ என்று அலுத்துக்கொண்டு, அந்தப் பத்தொன்பதையே தன் கதவில் மாட்டிவிட்டாள். சோம்பல்தான், வேறென்ன?

மதியம் மூன்றுக்கே வெளிச்சம் வடியத் தொடங்கியது. இரண்டு குன்றுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிற ஊர்; டிசம்பரில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். ரோஸாலியை டிவி முன்னால் உட்கார வைத்து, மீன் சூப்பை இளந்தீயில் விட்டுவிட்டு, ரெனாத்தா அலுவலகச் சாவியோடு கிளம்பினாள். குளத்திலிருந்து ஏறிய மூடுபனி வேலிகளையும் கூரைகளையும் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தது. நிலக்கரிப் புகையும், வீடு வீடாக மீன் பொரியும் வாசனையும் அதில் கலந்திருந்தன. காலடியில் பனி நொறுங்கும் சத்தம், அவள் நின்ற பிறகும் இன்னும் ஓர் அடி கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். ஒருவருமில்லை.

அலுவலகத்தில் பதிவேடு அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. பத்தொன்பது: 7. நடுவில் குறுக்குக் கோடு போட்ட அவளுடைய ஏழு. கீழே அவள் பெயர், ரோஸாலியின் பெயர், பிறகு காலியாக ஐந்து வரிகள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய வரலாற்றுப் புத்தகத்தை இழுத்தாள். எண்ணை எடுத்த அன்றே புரட்டியிருக்க வேண்டியது.

அந்த ஊரில் கிறிஸ்துமஸ் விருந்தில் யாரும் முதலில் எழ மாட்டார்கள். முதலில் எழுந்தவர் அடுத்த விருந்துக்கு உயிரோடு இருக்க மாட்டார் என்று ஒரு பேச்சு. அதனால் உப்பிலிருந்து இனிப்பு வரை எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்து, முடிந்ததும் சிரித்துக்கொண்டே எல்லோருமாகச் சேர்ந்து எழுவார்கள். அவளும் வருஷா வருஷம் அப்படித்தான் செய்தாள்.

1928-ஆம் ஆண்டுப் பக்கத்தில் அந்தக் காலத்துப் பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார்: ‘பத்தொன்பதாம் எண் வீட்டில் ஆறு ஆண்டுகளாக, விருந்தில் முதலில் எழுந்தவர் அந்த ஆண்டே இறந்தார். இம்முறை எஞ்சிய ஐவரும் உட்கார்ந்தனர். ஜனவரி மூன்றாம் தேதி நாங்கள் கதவை உடைத்தபோதும் உட்கார்ந்தே இருந்தனர். அடுப்பு அணைந்திருந்தது. எழுந்து விறகு போட ஒருவரும் துணியவில்லை.’

சேர்ந்து எழுந்துவிடலாம் என்று பேசிக்கூட இருப்பார்கள். யார் யாரை நம்புவது?

ரெனாத்தா புத்தகத்தை மூடவில்லை. விளக்கை அணைக்கவில்லை. ஓடினாள்.

கதவைத் திறந்ததும் நிலவறை வாடை. நனைந்த கம்பளி வாடை. டிவி அணைந்திருந்தது. பெரிய மேசையில் ஏழு தட்டு, ஏழிலும் சூப்பு. இருந்த நாற்காலியோடு முக்காலிகளையும் இழுத்துப் போட்டு, நடுவில் ரோஸாலி உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி. உதட்டில் சூப்பு.

“யாரு பாப்பா வந்தது?”

“யாரும் வரலம்மா. முன்னாடியே உக்காந்திருந்தாங்க. பசிக்குதுன்னாங்க.”

எதிரே இருந்த தட்டை ரெனாத்தா பார்த்தாள். கரண்டி அசையவில்லை. சூப்பு மட்டும் குறைந்தது. மெதுவாக. பக்கத்துத் தட்டிலும்.

“அம்மா, நான் சாப்பிட்டாச்சு. எந்திரிக்கட்டா?”

“எந்திரிக்காத!”

குழந்தையின் உதடு பிதுங்கியது. தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் தூக்கினால், குழந்தைதான் முதலில் எழுந்ததாகிவிடும். ஆறு வயது. விட்டுவிட்டால் இந்த ஐந்து பேரோடு விடியவிடிய உட்கார்ந்திருப்பாள், அடுப்பு அணையும் வரை. அவளுக்குப் பதில் தானே முதலில் எழலாம் என்றால், உட்காராதவள் எழவும் முடியாது.

ஒரே ஒரு முக்காலிக்கு முன்னால் மட்டும் சூப்பு குறையவில்லை. ரெனாத்தா அதில் உட்கார்ந்தாள். ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருக்க, தட்டில் இருந்தது பனிக்கட்டியாக இருந்தது. தன் மகளை நன்றாக ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பயமாக இருந்தது, ஆனால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

“அம்மா எந்திரிச்ச பெறகு நீ எந்திரி. சரியா கண்ணு?”

எழுந்தாள்.

“நான்தான் முதல்ல,” என்றாள் உரக்க. “எல்லாரும் பாத்துக்குங்க.”

ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பில் பானை மூடி துடித்தது.

பிறகு ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. இன்னொன்று. அவசரமே இல்லாமல், வெகுநேரம் உட்கார்ந்து மூட்டுப் பிடித்துப்போனவர்கள் எழுவதுபோல, முனகலோடு, எலும்பு நெறிபட. மூன்று. நான்கு. ஐந்து. யாராவது ஒருவர் முதலில் எழட்டும் என்றுதான் இத்தனை வருஷமாக அவர்கள் காத்திருந்தார்கள். இப்போது அவர்களும் எழலாம்.

எழுந்தார்கள்.

ரெனாத்தா மகளிடம் பாய்ந்தாள். பாய நினைத்தாள். குளிர் முழங்கால்வரை ஏறியிருந்தது. கால் தரையோடு ஒட்டியிருந்தது.

அம்மா சொன்னபடி ரோஸாலியும் அவர்களோடு சேர்ந்து எழுந்தாள். அவளுடைய வலது கை மேலே உயர்ந்தது. இடது கையும். யாரோ இரண்டு பக்கமும் பிடித்திருப்பது போல.

“அம்மா, இவங்க கை சில்லுனு இருக்கு.”

“விடுங்க அவள! நான்தானே முதல்ல எந்திரிச்சேன்! என்னைக் கூட்டிட்டுப் போங்க!”

முதலில் எழுந்தவள் பின்தங்க, சேர்ந்து எழுந்தவர்கள் சேர்ந்தே கிளம்பினார்கள். வாசல் கதவு தானாகத் திறந்தது. மூடுபனி உள்ளே வந்தது. கைகளை உயர்த்தியபடி, நுனிக்காலில், ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ரோஸாலி வெளியே நடந்தாள். பனியில் அவளுடைய சின்னச் செருப்பின் தடம் பதிந்தது. அதற்கு இரண்டு பக்கமும், முன்னும் பின்னும், பெரிய வெறுங்கால்களின் தடங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே குளத்தை நோக்கிப் போயின.