திடம் தொண்ணூற்று மூன்று

கஸ்பாரின் திடம் அன்று காலையில் தொண்ணூற்று மூன்று. அவர் மனைவி பெர்னதெத்தின் திடம் நாற்பத்தொன்று. ஆகவே வாரந்தோறும் வரும் செவிலி தங்கபுஷ்பம், பெர்னதெத்தின் பாதத்தை மட்டும்தான் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தாள்.

இருவருக்கும் சர்க்கரை நோய். இருவர் விலாவிலும் தோலுக்கடியில் இன்சுலின் சுரக்கும் உள்ளூற்று. இருவர் காதுக்குப் பின்னாலும் கடுகளவு திடமானி. 'என் நோயை நானே பார்த்துக்கொள்வேன்' என்ற நம்பிக்கை ஒருவருக்கு உள்ளபடியே எவ்வளவு இருக்கிறது என்று, விழித்திருக்கும் மூளையில் பயம் எவ்வளவு குறைவு என்பதை வைத்து அது அளந்து, நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லிவிடும். அதனிடம் நடிப்பு செல்லாது. நம்பிக்கை மிகுந்த நோயாளிகள் நன்றாக வாழ்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் சொன்னபோது, செவிலியர் போதாமல் திண்டாடிக்கொண்டிருந்த நலத்துறை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் அவர்களுக்கு நாம் எதற்கு? திடம் எழுபதைத் தாண்டியவர் 'தன்னாளர்'. மருந்தளவை அவரே வைத்துக்கொள்வார். அவரைத் தேடி எவரும் வர மாட்டார்கள். வரவும் கூடாது.

கஸ்பார் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் எந்திரங்களை மேய்ப்பவர். தன்னாளர் என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. பெர்னதெத்தோ சோற்றை அளந்து தின்று, விரலைக் குத்தி ரத்தம் பார்த்து, சந்தேகப்பட்டு மறுபடியும் குத்திப் பார்ப்பவள். சர்க்கரை அவளுக்குத்தான் கட்டுக்குள் இருந்தது. திடம்தான் ஏறவில்லை.

கஸ்பார் சாப்பிட உட்கார்ந்து காலை நீட்டியபோது தங்கபுஷ்பத்தின் கை அப்படியே நின்றது. குதிகாலில் உப்புப் பாளம் கிழித்த புண். ஓரம் கறுத்திருந்தது.

"அண்ணாச்சி, இது எப்ப ஆச்சு?"

"தெரியலம்மா. வலிக்கவே இல்லியே."

"வலிக்காததுதான் அண்ணாச்சி மோசம்."

"கொஞ்சம் நல்லாப் பாரேன் பிள்ள," என்றாள் பெர்னதெத்.

தங்கபுஷ்பம் கையை மடக்கிக்கொண்டாள். "அவுங்க தன்னாளராச்சேக்கா. நான் தொட்டா இந்தக் கைப்பட்டையே காட்டிக் குடுத்துரும். போன மாசம் ஒரு நர்ஸ் பிள்ளைக்கு இப்பிடித்தான் வேல போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

கஸ்பார் சிரித்தார். "எதுக்கு? மஞ்சப் பத்து போட்டா ஆறிரும். நாப்பத்தொண்ணு உனக்குத்தான் ஏட்டி, எனக்கில்ல."

அந்த வீட்டில் எந்தப் பேச்சையும் இப்போது அந்த இரண்டு எண்கள்தான் முடித்து வைத்தன. பெர்னதெத் மஞ்சள் அரைக்கப் போனாள். தனக்குத்தான் வீண் பயமோ என்று தோன்றியது.

நாலாம் நாள் கஸ்பாருக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. பெர்னதெத் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சேர்க்கைப்பொறி அவர் காதோரத்தைப் படித்துவிட்டுத் தொண்ணூற்று எட்டு என்றது. காய்ச்சல் தலைக்கேறிய மனிதருக்கு உலகமே உள்ளங்கையில் இருந்தது.

"தன்னாளருக்குக் கட்டில் தராதும்மா," என்றார் இளம் மருத்துவர்.

"நீங்க கண்ணால பாருங்க டாக்டர்! கால் அழுகி நாறுது!"

"பார்க்கிறேன்மா. கட்டில் கொடுக்கிறது நான் இல்லையே." அவர் குனிந்து புண்ணைப் பார்த்தார். ஆனால் பொறியை மீறவில்லை.

பெர்னதெத் சக்கர நாற்காலியின் முன்னால் மண்டியிட்டுப் புருஷன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, ஒரே ஒரு தடவ பயப்படுங்க. எனக்காகப் பயப்படுங்க."

கஸ்பார் அவளைப் பிரியமாகப் பார்த்தார். "பயமா? எதுக்குட்டி? நான் பாத்துக்கிடுதேன்." பிறகு மருத்துவரிடம், "நீங்க அடுத்த ஆளக் கவனிங்க டாக்டர்," என்றார்.

அவருக்கு நினைவு தப்பியதும் திடம் பூஜ்யத்துக்கு இறங்கியது. பொறி உடனே கட்டில் கொடுத்தது. புண்ணின் விஷம் அதற்குள் ரத்தமெல்லாம் ஏறிவிட்டிருந்தது. விடியும் முன் கஸ்பார் போய்விட்டார்.

கல்லறையிலிருந்து திரும்பிய பெர்னதெத் சோற்றை அளக்கவில்லை. ரத்தம் பார்க்கவில்லை. யாரோ போட்டதைத் தின்றாள், இல்லாவிட்டால் சும்மா கிடந்தாள். அவள் திடம் அறுபதானது, எழுபத்தைந்தானது, தொண்ணூற்று நாலில் போய் நின்றது. தங்கபுஷ்பம் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று அழுதாள். "இனி நான் வரக் கூடாதாம்க்கா."

மறுவாரம் நலத்துறையிலிருந்து கேமராவோடு ஓர் அதிகாரி வந்தார்.

"நாற்பத்தொண்ணுல இருந்து தொண்ணூற்று நாலு! மாவட்டத்துலேயே இப்படி ஏறினவங்க யாரும் இல்லை. எப்படிம்மா வந்தது இவ்வளவு தைரியம்? மத்த நோயாளிகளுக்குச் சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரரப் புதைச்சிட்டு வந்தேன்," என்றாள் பெர்னதெத். "அதுக்குப் பொறவு பயப்படுததுக்கு ஒண்ணும் இல்ல. இருந்தா என்ன, செத்தா என்ன."

அதிகாரி கேமராவை நிறுத்தினார். "நடுவுல உள்ளது போதும்மா," என்றார். "மத்ததை வெட்டிடறோம்."

திடம் குறைந்த நோயாளிகள் அத்தனை பேர் திரையிலும் பெர்னதெத் வந்தாள். அமைதியான முகம். "பயப்படுததுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். பார்த்தவர்கள் பலருக்குத் திடம் மளமளவென்று ஏறியது. அந்த மாதக் கடைசிக்குள், தங்கபுஷ்பம் போய்வந்த தெருக்களில் பாதிக்கு மேல் அவள் இனி போக வேண்டியதில்லை என்று உத்தரவு வந்தது.