ஒன்றுகளின் வரிசை

வரிசையில் ஒரு ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது.

வெனிங் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கணினித் திரையைப் பார்த்தாள். அது மட்டும்தான் அப்படி. இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண் அவளுடையது. கணினியின் இரும முறையில் எழுதினால் தலை முதல் வால் வரை வெறும் ஒன்றுகள். மருந்துக்கும் பூஜ்யம் கிடையாது. அது பகா எண்தானா என்று பார்க்கும் கணக்கு மாதக்கணக்கில் ஓடி, இன்று மாலை முடிகிறது. மீதி பூஜ்யம் வந்தால் பகா எண். அவளுக்கு முனைவர் பட்டம். வேறு எது வந்தாலும் மாமாவின் டயர் கடை.

லெபரான் என்னும் ஈகைப் பெருநாளுக்காக இந்தோனேசியாவின் பாண்டுங் பல்கலைக்கழகமே ஊருக்குப் போயிருந்தது. ஆய்வுக்கூடத்தில் மழைச் சத்தமும், மின்விசிறிகளின் முனகலும், சூடேறிய தூசியின் வாசனையும் மட்டும் விடுப்பு எடுக்காமல் இருந்தன. அவள் மாஸ், அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மூத்த ஆய்வாளன் சேனோவை அழைத்துக் கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்தாள்.

“மாஸ், திரையில ஓடுற நம்ம எண்ணுல ஒரு ஒன்னு சாஞ்சிருக்கு.”

“காலையிலேர்ந்து டோல் ரோட்டுல நிக்கிறேன். நானே சாஞ்சுதான் கெடக்கேன். சரி, சரிபார்க்குற ஓட்டத்தை யாரு போட்டா?”

“நாந்தான். இதே மெஷின்ல.”

“அடிப்பாவி! கண்டுபிடிச்ச ஆளே சரிபார்க்கக் கூடாது. வேற ஆளு, வேற மெஷின். அதான முறை?”

“எல்லாரும் ஊருக்கு ஓடிட்டீங்க. பேராசிரியர் இன்னிக்கே கேக்கறாரு. பேயையா கூப்பிட்டு உக்காத்தி வைக்கிறது?”

அவன் சிரித்தான். வெனிங் சிரிக்கவில்லை. இப்போது ஒரு பத்தியே சாய்ந்திருந்தது. எல்லாம் ஒரே பக்கம், நீண்ட வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முன்னே என்ன தாமதம் என்று தலையை நீட்டிப் பார்ப்பது போல.

அவை பார்த்த திசையில் திரையை நகர்த்தினாள்.

ஓர் இடைவெளி. ஓர் ஆள் விலகிப்போன அகலம்.

ஒன்று குறைந்தால் கணக்கு பாழ். மாதங்கள் பாழ். அவள் பாழ்.

“நிரம்பிடு,” என்று கெஞ்சினாள். “ஒன்னே ஒன்னுதான வேணும்.”

விரலால் அந்த இடத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. ஈரமாகவும்.

மழைச் சத்தம் நின்றது. விசிறிகள் நின்றன.

முதுகு தானாக நிமிர்ந்தது. கைகள் விலாவோடு ஒட்டிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. வாய் திறக்கவில்லை.

முன்னால் ஒரு முதுகு. பின்கழுத்தில் யாருடைய மூச்சோ.

பக்கவாட்டில், திரைக் கண்ணாடிக்கு அப்பால், வெளிச்சமான ஆய்வுக்கூடம். காலி நாற்காலி. மேசையில் கைபேசி.

“வெனிங்? மீதி பூஜ்யம்னு எனக்கும் தகவல் வந்துருச்சு! ஜெயிச்சுட்டடீ! ஏய்... இருக்கியா?”

முன்னால் நின்ற முதுகுகள், ஒவ்வொன்றாக, புதிதாக வந்தவளைப் பார்க்கத் திரும்பின.