முன்பே ஒருமுறை இறந்தது

மார்வெனா ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தாள். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் ஜூலை மாதக் குளிர்காலக் காலை. வீட்டில் சமையலறை மட்டும்தான் கதகதப்பாக இருந்தது.

“கொட்டகைப் பெட்டிய இன்னிக்கு அணைச்சிடறேன். போதுமா?” என்றாள்.

“எனக்காக ஒண்ணும் அணைக்க வேண்டாம்.”

“மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே! செத்தவன்கூடப் போட்டி போடற ஒரே ஆளு நீதான்டா, ஆலெக்.”

சிரித்துக்கொண்டே என் கன்னத்தில் கத்தியின் பின்புறத்தால் வெஜிமைட் தீற்றிவிட்டு, தோட்டத்துக் கொட்டகைக்குப் போனாள்.

கெர்னல் எழுதுவது அவள் வேலை. கணினியை அடியிலிருந்து இயக்கும் நிரல் அது. கொட்டகையில் இருந்த கணினிப் பெட்டி அவளுடைய முதல் கணவன் ஹெக்டருடையது. அதன் முன்னால் உட்கார்ந்தபடியேதான் அவன் இறந்தான். அதே பொழுதில் அந்தப் பெட்டியின் கெர்னலும் ஒருமுறை நிலைகுலைந்து விழுந்து, எப்படியோ சமாளித்து ஓடத் தொடங்கியது.

விழுந்ததைக் கெர்னல் மறைக்காது. அதன்பின் சின்ன எச்சரிக்கை காட்டினாலும் அதில் ஒரு ‘D’ போட்டுவிடும். நான் முன்பே ஒருமுறை இறந்தவன் என்று அதற்குப் பொருள்.

“அந்த எழுத்து இருந்தா அது சொல்றத நாங்க நம்ப மாட்டோம்,” என்று மார்வெனா ஒருமுறை விளக்கினாள். “அணைச்சுட்டு முதல்லேருந்து தொடங்குன்னு சொல்லிடுவோம். அணைச்சா அந்த எழுத்தும் போயிடும். எத்தனாவது தடவை விழுந்ததுங்கற கணக்கும் ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கும்.”

ஆனால் அவள் அதை மட்டும் அணைக்கவே இல்லை. எச்சரிக்கை வரும்போதெல்லாம் திரையில் அந்த எழுத்தை விரலால் தொடுவாள். என்னை அவள் அப்படித் தொட்டதில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் அந்தப் பெட்டிக்குள் ஓடும் விசிறியின் இரைச்சல் நின்றது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் நிசப்தம் அது. எனக்குப் பாடவேண்டும்போல இருந்தது.

பிறகு விசிறி மறுபடி இரையத் தொடங்கியது.

மார்வெனா வரவில்லை.

கொட்டகையில் தூசி பொசுங்கிய வாசனை. அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலை பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. அதைத் தாங்க அங்கே எதுவும் இல்லை.

பெஞ்சின் ஓரத்தில்தான் இருந்தாள். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டிருந்தாள்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர்.

அடக்கம் முடிந்ததும் அவளோடு வேலை பார்த்த டெவிட்டா வந்தான். கொட்டகையில் திரையை மேலும் கீழும் உருட்டிப் படித்தான்.

“ஆலெக்... இத அவ அணைச்சுப் போட்டா இல்ல?”

“என் காதால கேட்டேன்.”

“ஆமா, இதுலயும் அப்படித்தான் இருக்கு. புதுசாத் தொடங்கியிருக்கு. தொடங்குன கொஞ்ச நேரத்துல விழுந்திருக்கு. அவ போன நேரம்.” அவன் குரல் தாழ்ந்தது. “புதுசுன்னா இதுதான் முதல் தடவை. முன்னால விழாததுல அந்த எழுத்து வரக்கூடாது.”

“வந்திருக்கா?”

“வந்திருக்கு. கணக்கு ரெண்டுன்னு காட்டுது.”

முதலாவது யார் என்று நான் கேட்கவில்லை.

“பிடுங்கிடு,” என்றேன்.

டெவிட்டா மின்கம்பியைப் பிடுங்கித் தன்னோடு எடுத்துப்போனான். பெட்டியை எடுத்துப்போகச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்துவிட்டான்.

அது இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது. தொட்டுப் பார்க்கிறேன், சில்லென்று இருக்கிறது. குளிர்காலக் காலைகளில் ஜன்னல் கண்ணாடி முழுக்க உறைபனி படிகிறது. பெஞ்சுக்கு நேரே மட்டும் பனி உருகி, உள்ளிருந்து யாரோ மூச்சு விட்டதுபோல், முக உயரத்தில் இரண்டு வட்டங்கள், அருகருகே.

பெஞ்சில் உட்கார்ந்து, நானும் கண்ணாடியில் ஊதிப் பார்த்தேன். என் மூச்சுக்குப் பனி உருகவில்லை.

இன்று காலையும் இரண்டுதான்.